ஏகாம்பரத்துக்கு என்ன வேலை?

தமிழில் கேலிக்குப் பயன்படும் பெயர்களில் ஏகாம்பரத்துக்குத் தனி இடம் உண்டு. யாராவது எல்லா விஷயத்திலும் கருத்துச் சொன்னால் உடனே கிடைக்கும் பட்டம், 'எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்'. ஆனால் மும்பையில் கோட்டைப் பகுதியிலோ அந்தேரியிலோ இருக்கும் எந்த அலுவலகத்தை எடுத்துக்கொண்டாலும், ஓர் ஏகாம்பரம் இல்லாமல் அது ஒரு வாரம் தாங்காது. ஏ.சி. மெக்கானிக்கின் நம்பர் அவரிடம்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய வவுச்சர் எந்த பீரோவில், எத்தனையாவது தட்டில் என்பது அவருக்குத்தான் தெரியும். பி.எஃப். அலுவலகத்துக்கு யாரைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும், சம்பளம் தாமதமானால் எந்த ஊழியருக்கு முதலில் கோபம் வரும், முதலாளியின் மாமனாருக்கு எந்த ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்பதெல்லாம் அவர் அறிந்த சங்கதிகள். புதிதாகச் சேர்பவருக்கு அடையாள அட்டை, ஓய்வு பெறுபவருக்குச் சால்வை, இரண்டுக்கும் அவரே பொறுப்பு.

அவருடைய பதவிப் பெயர் மட்டும் எதையும் சொல்லாது. அட்மின் எக்ஸிகியூட்டிவ், ஆபீஸ் அசிஸ்டென்ட், பி.ஏ. என்று ஏதோ ஒன்று.

இருபது வருடம் இப்படி ஓடிய பிறகு ஒருநாள் கம்பெனி கைமாறுகிறது. அல்லது அலுவலகம் மாடியைக் காலி செய்துகொண்டு புணேக்குப் போகிறது. அல்லது ஐந்து பேர் செய்த வேலையை ஒரு மென்பொருள் செய்யும் என்று யாரோ முதலாளியை நம்ப வைக்கிறார்கள். 46 வயதில், பெண் கல்லூரியிலும் வீட்டுக் கடன் பாதியிலும் இருக்கும்போது, ஏகாம்பரம் மறுபடியும் நேர்முகத் தேர்வில் உட்காருகிறார். எதிரே இருப்பவருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. "உங்க ஸ்பெஷலைசேஷன் என்ன?" என்று கேட்கிறார்.

"எல்லாம் பாத்துப்பேன் சார்."

உண்மையான பதில்தான். ஆனால் மும்பையின் வேலைச் சந்தையில் இதைவிட மலிவான பதில் கிடையாது. எல்லாம் என்றால் எதுவுமில்லை என்றுதான் அங்கே அர்த்தம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று நம் பழமொழியும் தன் பங்குக்கு அவரைக் கவிழ்த்துவிடுகிறது.

இந்த ஏகாம்பரம் மும்பைக்குப் புதியவர் அல்ல. ஒரு வகையில் இந்நகரத்துத் தமிழ் நடுத்தர வர்க்கமே அவரிலிருந்து வந்ததுதான். 1896இன் பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்க ஆங்கிலேயர் தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்தார்கள். அங்கே குடியேறிய தென்னிந்தியர்களுக்காக 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி வந்தது. 1937இல் மணீஸ் லஞ்ச் ஹோம், 1942இல் ராமநாயக்கின் உடுப்பி போர்டிங் என்று சாப்பாட்டுக்கும் வழி பிறந்தது. ரயிலிறங்கிய பட்டதாரிகளின் பெட்டியில் தவறாமல் இருந்தவை இரண்டு சான்றிதழ்கள்: டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் ஹையர். தமிழ்நாட்டு அரசுத் தேர்வின் கணக்கில் நிமிடத்துக்கு 45 வார்த்தை தட்டச்சு, 120 வார்த்தை சுருக்கெழுத்து.

வேலைக்கு எடுத்தது இந்த விரல் வேகத்துக்காக. பிறகு நடந்ததோ வேறு. ஸ்டெனோகிராஃபர் உட்காருமிடம் முதலாளியின் அறை. போகிற கடிதம், வருகிற கடிதம், வங்கி சொன்ன சாக்கு, பங்காளி போட்ட வழக்கு எல்லாம் அவர் காது வழியாகத்தான் போயாக வேண்டும். பத்து வருடத்தில் அந்தக் கம்பெனி எப்படி மூச்சு விடுகிறது என்பது முதலாளிக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். சோழர் கல்வெட்டுகளில் 'திருவாய்க்கேள்வி' என்றோர் அதிகாரி வருகிறார். அரசன் வாயால் சொல்வதைக் கேட்டு மேலே அனுப்புவது அவர் பொறுப்பு. 'திருமந்திர ஓலை' அதை எழுத்தில் கொண்டுவருபவர். அரசாங்கத்தின் மொத்த இயக்கமும் கடந்துபோகும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். மாதுங்காவின் ஸ்டெனோ அந்த நாற்காலியின் கடைசி வாரிசு என்றால் மிகையாகாது.

அந்த நாற்காலிக்கு முதல் ஆட்டம் அரசியலிலிருந்து வந்தது. 1960இல் தொடங்கிய 'மார்மிக்' கார்ட்டூன் வார இதழ், நகரின் அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. "படியுங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள்" என்று மராத்தி வாசகர்களைக் குத்துவது போலத் தலைப்பு. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. குமாஸ்தா, ஸ்டெனோ வேலைகளை மண்ணின் மைந்தர்களுக்குக் கேட்பது அதன் முதல் முழக்கங்களில் ஒன்று. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் வகுப்பை நிறுத்திவிட்டு, என்ஜினீயரிங், சி.ஏ. என்று திருப்பிவிட்டார்கள். அந்தத் திருப்பம் பின்னால் நல்லதாகவே முடிந்தது என்று செம்பூரில் பலர் இன்று சொல்வார்கள்.

இரண்டாவது ஆட்டம் சத்தமில்லாமல் வந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவின் முதல் உள்நாட்டு டைப்ரைட்டரைத் தயாரித்தது. 2009இல் அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் 1995 மார்ச்சில் மும்பைப் பங்குச் சந்தை கூச்சலைக் கைவிட்டுத் திரைக்கு மாறியது. 1996இல் என்.எஸ்.டி.எல். தொடங்கி, பங்குச் சான்றிதழ் என்ற காகிதமே மெல்ல மறைந்தது. அதைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, அடுக்கி வைத்துப் பிழைத்த இலாகாக்களும் மறைந்தன. 2000-01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. 40 வயது ஆனவர்களோ, 15 வருட சர்வீஸ் முடித்தவர்களோ விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நாடு முழுவதும் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள்.

நாற்பதுகளில் கையில் ஒரு மொத்தத் தொகையுடன் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நாலாபுறமும் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: "ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணுங்களேன்." இன்று அதே அறிவுரை டேட்டா அனலிடிக்ஸ் என்றும் செயற்கை நுண்ணறிவு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது. கற்பதில் தவறில்லை. ஆனால் 46 வயதுக்காரர் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதை 22 வயதுக்காரர் அவரைவிட வேகமாக, பாதிச் சம்பளத்துக்குச் செய்வார். ஏகாம்பரம் தன்னிடம் இருக்கும் ஒரே சரக்கைக் கிடங்கில் பூட்டிவிட்டு, இல்லாத சரக்கை வைத்துக் கடை போடுகிறார்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் எப்ஸ்டீன் 2019இல் 'ரேஞ்ச்' என்ற புத்தகத்தில், விதிகள் தெளிவில்லாத துறைகளில் பலதும் தெரிந்தவர்களே ஜெயிக்கிறார்கள் என்று வாதாடினார். ஏகாம்பரங்களுக்கு ஆறுதலான செய்திதான். ஆனால் புத்தகம் பேசுவது விஞ்ஞானிகளையும் டென்னிஸ் வீரர்களையும் பற்றி. ஏ.சி. மெக்கானிக்கின் நம்பர் தெரிந்தவருக்கு அதில் அத்தியாயம் இல்லை.

வேலையை விடாமலேயே திசை மாறியவர்களும் உண்டு. கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த குமரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் 1972இல் பம்பாய்க்கு வேலை தேடி வந்து, டபிள்யூ.எச். பிராடி கம்பெனியில் சேர்ந்தார். படித்த கணிதத்துக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. விற்பனைக்காக ஊர் ஊராக அலைந்தார். அவருடைய முதல் சிறுகதை 1975இல் 'தீபம்' இதழில் வந்தது, முதல் நாவல் 1977இல். பம்பாயில் தனியாக முதுமையை நோக்கிப் போகும் குமாஸ்தாவை வைத்து 'சதுரங்கக் குதிரை' எழுதினார். 1989இல் அதே கம்பெனி அவரைக் கோவைக்கு மாற்றியது. 2010இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாஞ்சில் நாடன்தான் அவர். எல்லா ஏகாம்பரமும் நாவலாசிரியர் ஆகிவிட முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. ரயிலும் லாட்ஜும் மில் வாசலும் அவருக்கு வேலையின் இடைஞ்சலாகப் போயிருக்கலாம். அவையே சரக்காயின. சம்பளம் மாதாமாதம் வந்துகொண்டிருக்க, அடுத்த வாழ்க்கை அதன் பக்கத்திலேயே வளர்ந்தது.

சரி, இலக்கியம் எழுதாத ஏகாம்பரம் தன் சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? பதவிப் பெயரைப் பார்த்தால் தெரியாது. தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தாலும் தெரியாது, ஏனென்றால் இருபது வருடமாக அவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு ஒரு பழைய டைரி போதும். ஒரு மாதம், தினமும் சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அன்று தன் மேஜைக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று மட்டும் எழுதிவைக்க வேண்டும். தான் செய்த வேலையை எழுதக் கூடாது. மற்றவர்கள் தேடி வந்த காரணத்தை எழுத வேண்டும்.

முப்பது நாள் கழித்துப் புரட்டினால் ஒரு சாய்வு தெரியும். ஒருவரிடம் சண்டையைத் தீர்க்க வந்திருப்பார்கள். இன்னொருவரிடம் அரசாங்கக் காகிதத்தைப் புரிந்துகொள்ள. வேறொருவரிடம் கணக்கு இடிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க. மூன்று பேருக்கும் பதவிப் பெயர் ஒன்றாகவே இருந்திருக்கும், ஆனால் போக வேண்டிய திசை மூன்று. அந்தச் சாய்வை வைத்துத்தான் பயோடேட்டாவைத் திருத்த வேண்டும். 'அனைத்து நிர்வாகப் பணிகளும்' என்ற வரியை அடித்துவிட்டு, எத்தனை பேர் கொண்ட அலுவலகத்தை எத்தனை நாளில் வேலை நிற்காமல் இடம் மாற்றினார், எத்தனை வருடமாக நின்ற பி.எஃப். பாக்கியை நேர் செய்தார் என்று எழுதினால், எதிரே இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்கு வெளியே வாங்குபவர் யார் என்பது அடுத்த கேள்வி. இதில் மும்பை ஏகாம்பரத்துக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. இந்நகரத்தில் சொந்த ஃபிளாட் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர்கள். பேச்சு வழக்கில் சொசைட்டி. 1960ஆம் வருட மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ், இருபது வீடு உள்ள கட்டடம்கூட ஒரு குட்டி கம்பெனிதான். உறுப்பினர் பதிவேடு, பங்குச் சான்றிதழ், நாமினேஷன் ரிஜிஸ்டர், நிர்வாகக் குழுவின் மினிட்ஸ், வருடாந்திரத் தணிக்கை, செப்டம்பருக்குள் பொதுக்குழு எல்லாம் அதற்கும் உண்டு. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் டேங்க், மூன்றாவது மாடிக்காரரின் கசிவு நான்காவது மாடிக்காரரின் குற்றமா என்ற பட்டிமன்றம் தனி. பொறுப்பேற்றுக்கொண்ட டாக்டரோ வங்கி அதிகாரியோ இதற்கு நேரமில்லாமல் திண்டாடுகிறார். அவருக்குத் தேவை சட்டமும் கணக்கும் ரிப்பேரும் சமாதானமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த ஓர் ஆள். அந்த ஆளுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

செம்பூரிலும் மாதுங்காவிலும் இப்போது பழைய கட்டடங்கள் இடிந்து கோபுரங்களாக எழுகின்றன. இந்த மறுகட்டுமானத்துக்கு, கூட்டுறவுச் சட்டத்தின் 79ஏ பிரிவின் கீழ் அரசு 2009இல் வழிமுறை வகுத்து, 2019இல் திருத்தியது. கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும், யார் யாருக்கு எந்த நோட்டீஸ், டெண்டர் எப்படி என்று படிப்படியாகச் செய்ய வேண்டும். ஒரு கடிதம் தவறினால் நீதிமன்றத்தில் இரண்டு வருடம். எழுபது வயது தாண்டிய உறுப்பினர்கள், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், கையெழுத்துப் போட மறுக்கும் ஒரு வீட்டுக்காரர் என்று இத்தனை பேரையும் ஒரே காகிதத்தில் கொண்டுவருவது பில்டரின் வேலையும் அல்ல, வக்கீலின் வேலையும் அல்ல. 2022இன் இறுதியில் வந்த சாட்ஜிபிடி வகையறா அந்த நோட்டீஸை அரை நிமிடத்தில் எழுதித் தரும். மறுக்கும் வீட்டுக்காரரின் அக்காவிடம் முதலில் பேச வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

பட்டதாரி ஏகாம்பரம் ஒரு படி மேலே போகலாம். மாநிலக் கூட்டுறவுத் துறை வருடந்தோறும் ஜி.டி.சி. அண்ட் ஏ. என்ற கூட்டுறவு-கணக்கியல் டிப்ளமா தேர்வை நடத்துகிறது. அதில் தேறி, உரிய அனுபவமும் இருந்தால் சொசைட்டிகளைத் தணிக்கை செய்யும் பட்டியலில் இடம் கேட்கலாம். அதற்கு மராத்தியும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. இங்கேதான் சரித்திரம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. 1966இல் எந்த மொழி தெரியவில்லை என்று தாத்தாவைத் திட்டினார்களோ, அதே மொழியை நகராட்சிப் பள்ளி மைதானத்திலும் லோக்கல் ரயிலிலும் பேசி வளர்ந்தவர் பேரன். தமிழ், இந்தி, மராத்தி, அலுவலக ஆங்கிலம் என நான்கையும் ஒரே டெலிபோன் உரையாடலில் மாற்றி மாற்றிப் பேசுபவரை வெறும் குமாஸ்தா என்று எழுதிக்கொண்டிருப்பது அவருடைய பயோடேட்டாதான்.

சான்றிதழே இல்லாத ஏகாம்பரங்கள் இருக்கிறார்களே என்று தாராவியிலிருந்து ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி. மாதுங்காவுக்கு டைப்ரைட்டிங் ஹையர் இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்குகளுக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களிடம் அதுவும் இல்லை. காலையில் இட்லி, பகலில் கட்டட வேலை, ராத்திரியில் காவல் என்று கிடைத்ததைச் செய்தவர்கள் அவர்கள். பலதும் தெரிந்திருப்பது அங்கே தகுதி அல்ல, பசி.

பழமொழியில் வரும் பல மரம் கண்ட தச்சனை நிஜத்தில் பார்க்க வேண்டுமானால் ஜாக்கின் அற்புதத்தைப் பார்க்கலாம். கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை பார்த்தார். செம்பூரைத் தாண்டி, அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வாசம். ஆள் சேர்த்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், பாட்டுச் சொன்னார், மனு எழுதினார். நகராட்சி குப்பை அள்ள வராதபோது பிள்ளைகளிடம் குப்பைப் பொட்டலங்களைக் கொடுத்து நகராட்சி அலுவலக வாசலில் போட வைத்தார். குப்பை வண்டி வந்தது. 1974இல் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். இரண்டு வருடத்தில், நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம் ஜனதா காலனியே தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டார்கள்.

வேறு யாராவது அந்தத் தோல்வியோடு தச்சுப் பட்டறைக்குத் திரும்பியிருப்பார்கள். அவர் தன் கைவசமிருந்த சில்லறைத் திறமைகளில் எது அரசாங்கத்தை அசைக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். கோஷத்தைவிடப் பட்டியலுக்கு அதிகாரிகள் பயப்படுகிறார்கள். எத்தனை குடிசை, எத்தனை பேர், எத்தனை கக்கூஸ், எந்த வருடத்திலிருந்து என்று குடிசைவாசிகளே கணக்கெடுத்துக் காகிதத்தில் கொண்டுபோய் வைத்தால் மறுக்க முடியவில்லை. ஸ்பார்க் அமைப்போடும் 'மகிளா மிலன்' பெண்களோடும் சேர்ந்து, தாராவி முதல் நடைபாதைகள் வரை அதையே செய்தார். அலுவலகத்து ஏகாம்பரம் தினமும் அலுத்துக்கொண்டு செய்யும் வேலைதான்: பட்டியல், படிவம், கையெழுத்து. 2000இல் மகசேசே விருது வந்தது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் இறக்கும்வரை அவருடைய பதவிப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பட்டியல் வேலை தாராவியில் இன்னும் முடிந்துவிடவில்லை. மறுவளர்ச்சித் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததற்கு அத்தாட்சி இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் விதி மாறுகிறது. பழைய ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை ஒரு கோப்பாக அடுக்கத் தெரிந்தவரைத் தேடித் தெருவே வருகிறது. தோல் பை தைக்கும் பட்டறைகளுக்கோ 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. கணக்கு. பட்டறை அண்ணாச்சிக்குத் தோலைத் தொட்டால் தரம் தெரியும், ரிட்டர்னைப் பார்த்தால் தலை சுற்றும். முழுநேரக் கணக்கரை வைக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. வாரத்தில் ஒரு நாள் வந்து பில், கூரியர், வங்கி, ரிட்டர்ன் என நாலையும் முடித்துவிட்டுப் போகிறவர் கிடைத்தால் போதும். அப்படி நாலைந்து பட்டறைகள் சேர்ந்தால் ஒருவருக்கு ஒரு மாதச் சம்பளம் தேறும்.

இந்தப் பாதையில் ஒரு குழி இருக்கிறது, அதில் விழாத ஏகாம்பரம் குறைவு. செய்வது எல்லாமே உதவியாகப் போய்விடும். மும்பைத் தமிழர்களின் சபாக்களும் கோயில் கமிட்டிகளும் பள்ளிகளும் சொசைட்டிகளும் பல தலைமுறையாக கௌரவக் காரியதரிசிகளால் ஓடியவை. ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி பத்து மணி வரை ரசீது எழுதியவர்களின் தோளில் நின்றுதான் அவை வளர்ந்தன. அந்தத் தொண்டுக்கு ஈடில்லை. ஆனால் மாதச் சம்பளம் நின்றவரையும் ஊர் அதே கண்ணால் பார்க்கிறது. "மாமா சும்மாதானே இருக்கார், ஒரு கை பாக்கச் சொல்லலாமே!" பெண்களுக்கு இது இரட்டிப்பு. பதினைந்து வருடம் ஒரு டைரக்டரின் அறையையே நடத்திவிட்டு, பிரசவத்துக்கோ மாமியாரின் பக்கவாதத்துக்கோ வேலையை விட்டவர், மொத்தக் கட்டடத்தின் கணக்கையும் பார்த்துக்கொடுக்கிறார். தீபாவளிக்கு ஒரு டப்பா முந்திரி கத்லி வருகிறது.

சம்பளத்தில் வாழ்ந்தவருக்குத் தன் வேலைக்கு விலை சொல்லத் தெரியாது. முப்பது வருடமாக விலையை வேறொருவர்தான் சொன்னார். ஆகவே வேலையை விடுவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரே ஒரு சொசைட்டியிலோ பட்டறையிலோ இதைப் பழகிக்கொள்வது நல்லது. என்ன செய்து தருவார், எந்தத் தேதிக்குள், எதெல்லாம் அதில் சேராது, எவ்வளவு என்று நான்கு வரி எழுதி முதல் நாளே கையில் கொடுத்துவிட வேண்டும். நாலாவது வரியில்தான் பேனா நிற்கும். பக்கத்துக் கட்டடத்துக்காரர் வாங்கும் தொகையை விசாரித்து எழுதலாம், அல்லது கடைசிச் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்கலாம். எதுவானாலும் ஓர் எண் அங்கே இருக்க வேண்டும். "நீங்களா பாத்துக் குடுங்கோ" என்று எழுதிய வரிக்கு, இன்றைய தேதி வரை மும்பையில் முந்திரி கத்லிதான் கிடைத்துக்கொண்டிருக்கிறது.